நெல் தரிசு உளுந்துக்கு எந்த உயிர் உரம்? டெல்டா விவசாயிக்கான ஒப்பீடு

காவிரி டெல்டாவில் சம்பாவும் தாளடியும் முற்றி, இன்னும் ஒரு வாரம் பத்து நாளில் அறுவடை என்ற நிலையில், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தையும் பச்சைப்பயற்றையும் தெளித்துவிடுவது நெடுநாள் வழக்கம். இதைத்தான் நெல் தரிசுப் பயிர் என்கிறோம். மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும்; கால் வைத்தால் தடம் பதிய வேண்டும், தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. இந்தப் பயிருக்கு உழவு கிடையாது, அடியுரம் கிடையாது, பெரும்பாலான இடங்களில் பாசனமும் கிடையாது. நெல் விட்டுச்சென்ற ஈரத்தையும் தை, மாசிப் பனியையும் நம்பியே அது வளர்ந்து காய்க்கிறது.

விதைப்புக்கு முன் வேளாண் விரிவாக்க மையத்துக்கோ உரக்கடைக்கோ செல்கிற விவசாயியின் முன்னால் இப்போது பல பாக்கெட்டுகள் இருக்கின்றன. ரைசோபியம், பாஸ்போபாக்டீரியா, அசோஸ்பைரில்லம், சூடோமோனாஸ் என்று பெயர்கள் நீள்கின்றன. ஒவ்வொன்றும் பொடியாகவும் கிடைக்கிறது, திரவமாகவும் கிடைக்கிறது. இவை போதாதென்று, சாணமும் கோமியமும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைக்கும் ஜீவாமிர்தத்தை வீட்டிலேயே தயாரித்தால் போதும், கடைப் பாக்கெட் எதற்கு என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எல்லாமே நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் என்ற ஒரே தலைப்பின் கீழ் விற்கப்படுவதால், எதை வாங்கினாலும் ஏறத்தாழ ஒரே பலன்தான் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. உண்மையில் இவற்றின் வேலையும் வேறு, வேலை செய்யும் இடமும் வேறு, தோற்றுப்போகும் காரணங்களும் வேறு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெல் தரிசு உளுந்துக்கு ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அது வேரில் முடிச்சுப் போட்டுக் காற்றின் தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துத் தரும் ரைசோபியமாக இருக்க வேண்டும். இரண்டாவதாக வாங்க முடிந்தால், வேரை நோயிலிருந்து காக்கும் சூடோமோனாஸ். மண்ணில் பிணைந்த மணிச்சத்தை (பாஸ்பரஸை) கரைக்கும் பாஸ்போபாக்டீரியாவை வாங்குவது மண் பரிசோதனை முடிவைப் பொறுத்தது. அசோஸ்பைரில்லத்தை நெல்லின் நாற்றங்காலுக்கும் நடவு வயலுக்கும் வைத்துக்கொள்ளலாம். உளுந்து விதையில் அதற்கு முதலிடம் தருவதற்குக் காரணம் இல்லை. ஜீவாமிர்தம் இவற்றில் எதற்கும் மாற்றாகாது.

ரைசோபியத்துக்கு முதலிடம் தருவதற்கான காரணம் பயிரின் தேவையிலேயே இருக்கிறது. ஒரு ஏக்கரில் 300 கிலோ உளுந்து விளைகிறது என்று வைத்துக்கொள்வோம். உளுந்தில் சுமார் 24 விழுக்காடு புரதம். ஆகவே அந்த மணிகளில் மட்டும் 72 கிலோ புரதம் இருக்கிறது. புரதத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தழைச்சத்து என்பதால், பதினொன்றரை கிலோ தழைச்சத்து மணியோடு வயலைவிட்டு வெளியேறுகிறது. இது சுமார் 25 கிலோ யூரியாவில் இருக்கும் சத்துக்குச் சமம். இலைக்கும் தண்டுக்கும் வேருக்கும் தேவைப்படுவது இதற்கு மேல். பாசனம் உள்ள இறவை உளுந்துக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ தழைச்சத்தை அடியுரமாக இடச் சொல்வார்கள். நெல் தரிசில் உழவே இல்லாதபோது அடியுரத்தை எங்கே இடுவது? பூக்கும் தருணத்தில் தெளிக்கிற இரண்டு சத டி.ஏ.பி. உரக் கரைசல் காய்பிடிப்பதற்கு உதவும்; ஆனால் ஏக்கருக்கு நான்கு கிலோ டி.ஏ.பி.யில் முக்கால் கிலோ அளவுக்குக்கூடத் தழைச்சத்து இல்லை. மிச்சம் முழுவதும் இரண்டே வழிகளில் வர வேண்டும்: நெல்லுக்கு இட்டதில் மண்ணில் தங்கியது, வேர்முடிச்சுகள் காற்றிலிருந்து பிடித்துத் தருவது. யூரியா மூட்டையைச் சார்ந்திருக்கும் பயிரில் உயிர் உரம் ஒரு துணை. நெல் தரிசு உளுந்தில் அதுவே உணவு வழி.

வேர்முடிச்சுகளுக்கும் காற்றின் தழைச்சத்துக்கும் உள்ள தொடர்பை ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1880களின் பிற்பகுதியில் நிறுவினார்கள். 1888இல் நெதர்லாந்தின் பெய்ஜெரிங்க் முடிச்சுக்குள் இருந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். செடியின் வேர் தன் சாறுகள் வழியாக விடுக்கும் அறிகுறியை உணர்ந்து பாக்டீரியா வேர்த்தூவிக்குள் நுழைகிறது. வேர் அதற்கு ஒரு முடிச்சைக் கட்டித்தருகிறது. உள்ளே நைட்ரோஜினேஸ் என்ற நொதி காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றுகிறது. இந்த நொதிக்கு ஆக்சிஜன் பட்டால் செயலிழந்துவிடும்; பாக்டீரியா சுவாசிப்பதற்கோ ஆக்சிஜன் வேண்டும். இரண்டுக்கும் நடுவே சமன் செய்வது லெக்ஹீமோகுளோபின் என்ற செந்நிறப் பொருள். நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான இது இருப்பதால்தான், வேலை செய்கிற முடிச்சை நகத்தால் கிள்ளினால் உட்புறம் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. ஆய்வகம் இல்லாமல், வரப்பில் உட்கார்ந்தபடி, வாங்கிய உயிர் உரம் வேலை செய்கிறதா என்று விவசாயியே பார்த்துத் தெரிந்துகொள்ள இந்த நிறம் வழி தருகிறது. கடையில் கிடைக்கும் மற்ற உயிர் உரங்களில் எதற்கும் இப்படி ஒரு நேரடிச் சான்று கிடையாது. நான் ரைசோபியத்தின் பக்கம் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஒரு நியாயமான எதிர்வாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உளுந்து, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, நிலக்கடலை, துவரை எல்லாம் ஒரே கூட்டத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்களோடு முடிச்சுப் போடுபவை. அந்தக் கூட்டம் நம் மண்ணில் இயல்பாகவே பரவலாக இருக்கிறது. பாக்கெட்டே வாங்காத வயலிலும் உளுந்து வேரில் முடிச்சு வருவது அதனால்தான். அப்படியானால் காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்? ஹவாய்த் தீவுகளில் பல இடங்களில் வெவ்வேறு பயறுவகைகளை வைத்துச் சோதித்து 1991இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல வழிகாட்டி. மண்ணில் ஏற்கெனவே உள்ள ரைசோபியம் ஒரு கிராமுக்குச் சில பத்துகளிலிருந்து சில நூறு வரை இருந்தாலே, வெளியிலிருந்து சேர்ப்பதற்குக் கிடைக்கும் பலன் பெரிதும் சுருங்கிவிடுகிறது என்று அது காட்டியது. பிரேசிலில் சோயாவுக்கு உயிர் உரம் அவ்வளவு பெரிய வெற்றி கண்டதன் பின்னணியிலும் இதுவே இருக்கிறது: சோயா அந்த மண்ணுக்குப் புதிது, அதற்குரிய பாக்டீரியா அங்கே இருக்கவில்லை. ஆகவே பாக்கெட் தந்த பலன் கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைக்கும் அங்கே சோயா பெரும்பாலும் தழைச்சத்து உரமே இல்லாமல் விளைகிறது.

டெல்டா வயல் இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே நிற்கிறது. பயறு அங்கே புதிதல்ல, ஆகவே பாக்டீரியா முற்றிலும் இல்லாத மண் என்று சொல்ல முடியாது. ஆனால் நான்கைந்து மாதம் தண்ணீர் கட்டி நெல் நின்ற வயலில் ஆக்சிஜன் மேல்பரப்பின் மெல்லிய படலத்தோடு நின்றுவிடுகிறது. ஆக்சிஜனைச் சார்ந்து வாழும் ரைசோபியத்தின் எண்ணிக்கை அந்தக் காலத்தில் குறைகிறது. மேலும், இயற்கையாக இருப்பவை எல்லாம் திறமையானவை என்று கொள்ள முடியாது. முடிச்சைக் கட்டிக்கொண்டு உள்ளே இடம்பிடித்து, தழைச்சத்தைக் குறைவாகவே தரும் இனங்களும் உண்டு. அவற்றை முந்திக்கொண்டு நல்ல இனம் வேருக்குள் நுழைய வேண்டுமானால், விதை முளைக்கிற அந்த ஓரிரு நாளில் அதன் மீது போதிய எண்ணிக்கையில் அது உயிரோடு இருக்க வேண்டும். ஆண்டு தவறாமல் உளுந்து விதைத்து நல்ல முடிச்சைக் கண்டுவருகிற வயலில் ரைசோபியத்தின் கூடுதல் பலன் சிறிதாகவே இருக்கலாம். சில ஆண்டுகள் பயறு காணாத வயலிலும், வெள்ளத்தில் நெடுநாள் மூழ்கிக்கிடந்த வயலிலும் அது பெரிதாக இருக்கும். விதையின் விலையோடு ஒப்பிட்டால் பாக்கெட்டின் விலை அற்பம் என்பதால், ஐயம் இருக்கும் வயலில் வாங்கிவிடுவதே நல்லது.

போதிய எண்ணிக்கை என்பதைக் கணக்காகப் பார்த்தால்தான் பொடியா திரவமா என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். உயிர் உரங்கள் 2006 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வருகின்றன. அதன்படி பொடியில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்களும், திரவத்தில் ஒரு மில்லிலிட்டருக்குக் குறைந்தது 10 கோடி செல்களும் இருக்க வேண்டும். ஏக்கருக்கு 10 கிலோ விதை என்றால், நூறு மணிக்கு நான்கு கிராம் எடை என்ற கணக்கில் சுமார் இரண்டரை லட்சம் விதைகள். 200 கிராம் பொடிப் பாக்கெட்டில் 1,000 கோடி செல்கள். விதைக்கு நாற்பதாயிரம் வீதம் வருகிறது. விதை நேர்த்திக்குச் சொல்லப்படும் 50 மில்லி திரவத்தில் 500 கோடி; விதைக்கு இருபதாயிரம். ஆயிரங்களில் பார்க்கும்போது இரண்டுமே போதுமானவை. ஆனால் பாக்கெட் வெயில் படும் அலமாரியில் கிடந்து அதன் உயிர் நூறில் ஒரு பங்காகக் குறைந்திருந்தால், பொடி பூசிய விதையில் நானூறு செல்கள்தான் ஒட்டும். அவற்றிலும் பல காய்வதில் சாகும். அந்த நிலையில் விவசாயி வயலில் தூவுவது பெரும்பாலும் கரித்தூள்தான்.

கரித்தூள் என்றதும் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி நினைவுக்கு வரும். தமிழ்நாட்டில் உயிர் உரப் பொடிக்குத் தாங்குபொருளாக லிக்னைட் தூள் பரவலாகப் பயன்படுகிறது. அந்தத் தூளில் 30 முதல் 40 விழுக்காடு ஈரம் இருந்தால்தான் பாக்டீரியா உயிர்வாழும். ஆகவே பாக்கெட்டை வாங்குமுன் கையால் அழுத்திப் பார்ப்பது பயனுள்ள சோதனை: உள்ளே உள்ளது லேசாகப் பிடிபட வேண்டும், உலர்ந்த புழுதிபோல் சரசரவென்று நகர்ந்தால் அதை விட்டுவிடலாம். பொடியின் காலாவதி பொதுவாகச் சில மாதங்களுக்குள் முடிந்துவிடும். தை மாதம் விதைக்கிறவர் கார்த்திகை, மார்கழியில் தயாரான பாக்கெட்டைத் தேட வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலைக் கடந்துவந்த பழைய இருப்பைத் தொடவே கூடாது. திரவத்தில் செல்களைக் காக்கும் பொருள்கள் சேர்க்கப்படுவதால் ஓராண்டு வரை தாங்கும். வெப்பத்தையும் சற்றுக் கூடுதலாகப் பொறுக்கும். சொட்டுநீர் வழியாக விடவும் ஏற்றது. ஆனால் பாட்டில் உப்பியிருந்தாலோ, திறந்தவுடன் அழுகல் நாற்றம் வந்தாலோ, வேறு கிருமி புகுந்துவிட்டது என்று பொருள்.

என் தேர்வு வாங்கும் இடத்தைப் பொறுத்து மாறும். குடுமியான்மலை போன்ற அரசு உற்பத்தி மையங்களிலிருந்து விரிவாக்க மையத்துக்குப் புதிதாக வந்திறங்கிய சரக்கு என்றால் பொடியே போதும். விதையில் பூசுவதற்கு அது வசதியும்கூட. தயாரித்து எத்தனை மாதம் ஆயிற்று, எங்கே வைத்திருந்தார்கள் என்பது உறுதியாகத் தெரியாத கடையில் வாங்க நேர்ந்தால் திரவம் வாங்குவது பாதுகாப்பு. எதுவாயினும், உறையில் பாக்டீரியாவின் பெயர், எந்தப் பயிருக்கு, தயாரித்த நாள், காலாவதி நாள், செல் எண்ணிக்கை ஐந்தும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். ரைசோபியத்தைப் பொறுத்தவரை பயிரின் பெயர் மிக முக்கியம். சோயாவுக்கென்று தயாரித்தது உளுந்துக்கு உதவாது. கொண்டைக்கடலைக்கு உரியதும் உதவாது.

பூசும் முறையில் செய்கிற சிறு பிழைகள் நல்ல சரக்கையும் வீணாக்கிவிடும். பத்து கிலோ விதைக்குக் கால் லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஆறிய அரிசிக் கஞ்சி போதும். அதில் பொடியைக் குழைத்து, விதையின் மேல் ஊற்றி, கையால் மெல்லப் புரட்ட வேண்டும். கஞ்சி அதிகமாகிவிட்டால் உளுந்தின் மெல்லிய தோல் ஊறிச் சுருங்கி உரிந்துவிடும்; முளைப்பு குறையும். சூடான கஞ்சி பாக்டீரியாவைக் கொன்றுவிடும். பூசிய விதையைக் கோணியின் மேல் பரப்பி நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றைக்கே தெளித்துவிட வேண்டும். மறுநாளைக்கு வைக்கக் கூடாது. நெல் தரிசில் விதையை மண்ணுக்குள் மூடுவதில்லை என்பதால் இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். வெயில் ஏறிய நேரத்தில் தெளித்தால் விதை மேல் இருக்கும் பாக்டீரியா விரைவில் காய்ந்துபோகும். வெயில் தாழ்ந்த பின் தெளித்தால், நெல் பயிரின் நிழலும் இரவின் பனியும் அதற்குத் துணைசெய்யும்.

இரண்டாவதாக நான் சொன்னது சூடோமோனாஸ் புளூரசன்ஸ். இது தழைச்சத்துத் தரும் பாக்டீரியா இல்லை. வேரைக் காக்கும் பாக்டீரியா. மண்ணில் உள்ள இரும்பைப் பற்றிக்கொள்ளும் சிடரோஃபோர் என்ற பொருளைச் சுரந்து, நோய்ப்பூஞ்சைகளுக்கு இரும்பு கிடைக்காமல் செய்கிறது. பூஞ்சையை நேரடியாகத் தடுக்கும் வேதிப்பொருள்களையும் சில இனங்கள் உண்டாக்குகின்றன. செடியின் சொந்த எதிர்ப்பாற்றலையும் தூண்டுகிறது. நெல் தரிசு உளுந்தில் ஈரம் வற்றி வெயில் ஏறும் மாசி, பங்குனியில் செடி திட்டுத்திட்டாகக் காய்ந்து, இழுத்தால் வேர் பட்டையாக உரிந்து வரும் வேரழுகல் நோய் வழக்கமான தொல்லை. பூஞ்சைக்கொல்லியை அப்போது ஊற்றுவதற்கு வயலில் தண்ணீரும் இருக்காது, செலவுக்கும் கட்டாது. விதையிலேயே பாதுகாப்பை ஏற்றிவிடுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஒரு கிலோ விதைக்கு 10 கிராம். அதாவது பத்து கிலோ விதைக்கு 100 கிராம். மஞ்சள் தேமல் நோய்க்கு இது மருந்தாகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். அதற்கு எதிர்ப்புத்திறன் கொண்ட இரகத்தைத் தேர்வதுதான் வழி.

ரைசோபியத்தையும் சூடோமோனாஸையும் ஒரே விதையில் பூசலாம். முதலில் சூடோமோனாஸ், பிறகு ரைசோபியம் என்பது பரிந்துரைக்கப்பட்ட வரிசை. இரசாயனப் பூஞ்சைக்கொல்லியோடு சூடோமோனாஸைச் சேர்க்கக் கூடாது. கார்பென்டசிம் போன்றதைப் பூசித்தான் ஆக வேண்டும் என்று முடிவெடுத்தால், சூடோமோனாஸை விட்டுவிட்டு, பூஞ்சைக்கொல்லி பூசி 24 மணி நேரம் கழித்து ரைசோபியத்தைப் பூச வேண்டும். சூடோமோனாஸ் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வராமல், 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவுசெய்யப்படுவது என்பதையும் வாங்கும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பதிவு எண் இல்லாமல் வெறும் டால்க் தூளைச் சூடோமோனாஸ் என்று கட்டித்தரும் பாக்கெட்டுகளை இதைக் கொண்டே ஒதுக்கிவிடலாம்.

பாஸ்போபாக்டீரியாவைப் பற்றி நான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். மண்ணில் மணிச்சத்து நிறைய இருந்தும் சுண்ணாம்போடும் இரும்போடும் பிணைந்துகிடப்பதால் பயிருக்குக் கிடைப்பதில்லை என்பது உண்மை. பேசில்லஸ் மெகாடீரியம் போன்றவை கரிம அமிலங்களைச் சுரந்து அந்தப் பிணைப்பைக் கரைக்கின்றன என்பதும் உண்மை. ஆய்வகத்தில் டிரைகால்சியம் பாஸ்பேட் என்ற கரையாத மணிச்சத்து உப்பு கலந்த தட்டில் வளர்த்தால் பாக்டீரியாவைச் சுற்றி வெண்மை கரைந்து தெளிந்த வட்டம் உண்டாகிறது. 1948 முதல் இதுவே இவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறையாக இருந்துவருகிறது. ஆனால் தட்டில் வட்டம் போடுவதற்கும் சுண்ணாம்பு மிகுந்த களிமண்ணில் வேலை செய்வதற்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. பாக்டீரியா சுரக்கும் சிறிதளவு அமிலத்தை அந்த மண் உடனுக்குடன் சமன்செய்துவிடும். தட்டில் சிறப்பாகத் தெரிந்த பல இனங்கள் வயலில் பலன் காட்டாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இருந்தும் நெல்லுக்குப் பின் வரும் உளுந்தில் இதற்கு ஓர் இடம் உண்டு. தண்ணீர் கட்டிய வயலில் இரும்போடு பிணைந்த மணிச்சத்து தானாகவே விடுபடுகிறது. ஆகவே நெல்லுக்குப் பாஸ்போபாக்டீரியாவின் தேவை குறைவு. அதே வயல் வடிந்து காயும்போது இரும்பு மீண்டும் மணிச்சத்தைக் கவ்விக்கொள்கிறது. தொடர்ந்து வரும் பயறு மணிச்சத்துப் பற்றாக்குறையைச் சந்திக்கிறது. வேர்முடிச்சு வேலை செய்வதற்கே நிறைய ஆற்றல் தேவை, அந்த ஆற்றலின் நாணயம் மணிச்சத்து. ஆகவே மண் பரிசோதனை அட்டையில் மணிச்சத்து நடுத்தரம் அல்லது மிகுதி என்று வந்து, ஆண்டாண்டாக டி.ஏ.பி. இட்டுச் சேர்த்துவைத்த வயலாக இருந்தால், ரைசோபியத்தோடு ஒரு பாக்கெட் பாஸ்போபாக்டீரியாவையும் சேர்த்துப் பூசலாம். குறைவு என்று வந்து, அப்படிச் சேர்த்துவைத்ததும் இல்லாத வயலாக இருந்தால், கரைப்பதற்கு மண்ணில் இருப்பது குறைவாகவே இருக்கலாம். அந்தப் பணத்தை டி.ஏ.பி. தெளிப்புக்கு வைத்துக்கொள்வது மேல். பேசில்லஸ் வித்துகளாக உறங்கித் தாங்கக்கூடியது என்பதால், இதன் பாக்கெட் ரைசோபியத்தைவிட நீண்ட காலம் உயிரோடு இருக்கும் என்பது ஒரு சாதகம்.

அசோஸ்பைரில்லத்தை நெல்லோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும். 1925இல் பெய்ஜெரிங்க் விவரித்த இந்தப் பாக்டீரியாவை, 1970களில் பிரேசிலில் ஜோஹன்னா டோபராய்னர் புல்வகை வேர்களிலிருந்து மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். 1978இல் இன்றைய பெயர் வந்தது. இது முடிச்சுப் போடாது; வேரின் மேலும் வெளி அடுக்குகளிலும் குடியிருக்கும். குறைந்த ஆக்சிஜனை விரும்பும் இதற்குத் தண்ணீர் கட்டிய வயலின் நெல் வேரோரம் பொருத்தமான இடம். ஏனென்றால் நெல் தன் தண்டின் காற்றறைகள் வழியாக வேருக்குச் சிறிது ஆக்சிஜனை இறக்கிக் கசியவிடுகிறது. ஆனால் முடிச்சுக்குள் நடப்பதுபோல் செடிக்கு நேரடியாகத் தழைச்சத்தை ஊட்டும் ஏற்பாடு இதில் இல்லை. பிடித்த தழைச்சத்தில் பெரும்பகுதியைப் பாக்டீரியா தனக்கே வைத்துக்கொள்கிறது. இதன் முக்கியப் பலன், அது சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியால் வேர் கிளைத்துத் தூவிகள் பெருகுவதே என்று இன்று பெரும்பாலும் ஏற்கப்படுகிறது.

இதை யூரியாவுக்கு மாற்றாக விற்கும்போதுதான் எனக்கு உடன்பாடில்லை. நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்றால் ஏக்கருக்கு 60 கிலோ. அதில் கால் பங்கைக் குறைக்கலாம் என்பது பரிந்துரை. அதாவது 15 கிலோ தழைச்சத்து, ஏறத்தாழ 33 கிலோ யூரியா. மானிய விலையில் 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு என்னும்போது, முழுப் பலனும் கிடைத்தாலும் மிச்சமாவது இருநூறு ரூபாய்க்குள்தான். அதற்காக மகசூலில் அரை மூட்டை நெல்லைப் பணயம் வைக்க விவசாயி தயங்கினால் அது நியாயமான தயக்கம். மறுபுறம், யூரியாவைச் சிறிதும் குறைக்காமல் முழு அளவும் இட்டால், மண்ணில் அம்மோனியம் மிகுந்து பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிப்பதை நிறுத்திவிடும். ஆகவே அசோஸ்பைரில்லத்தை வேர் வளர்ச்சிக்காக வாங்க வேண்டும், அதற்கு ஏற்ற இடத்தில் செலவழிக்க வேண்டும். அந்த இடம் நாற்று நனைப்பு. ஹெக்டேருக்கு ஐந்து பாக்கெட்டை 40 லிட்டர் தண்ணீரில் கரைத்து, பறித்த நாற்றின் வேரை 15 முதல் 30 நிமிடம் அதில் வைத்து நடும்போது, பாக்டீரியா சேர வேண்டிய இடத்திலேயே சேர்கிறது. எருவோடு கலந்து வயல் முழுதும் வீசும் முறைக்கு இரட்டிப்பு பாக்கெட் வேண்டும். வீசுவதில் பெரும்பகுதி வேரைச் சந்திக்காமலே போகிறது. இயந்திர நடவுக்கும் நேரடி விதைப்புக்கும் மாறியவர்களுக்கு நாற்று நனைப்பு ஒத்துவராது. அவர்கள் விதையை ஊறவைக்கும் தண்ணீரிலேயே கலந்துவிடலாம்.

ஜீவாமிர்தத்தின் மேல் நம்பிக்கை வைத்திருப்பவர்களை மதித்தே இதைச் சொல்கிறேன். பத்து கிலோ சாணம், பத்து லிட்டர் கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு, ஒரு பிடி மண், 200 லிட்டர் தண்ணீர் என்ற அளவில் ஏக்கருக்குத் தயாராகும் கரைசலில் உள்ள தழைச்சத்து எல்லாம் சேர்ந்து கால் கிலோ அளவே. ஆகவே அதை உரமாகக் கருத முடியாது. மண்ணின் நுண்ணுயிர்களுக்கு இடும் தீனி என்று கொண்டால் பொருந்தும். அதில் எந்தப் பாக்டீரியா எவ்வளவு பெருகும் என்பது சாணத்தையும் வெப்பத்தையும் புளிக்கவைக்கும் நாளையும் பொறுத்து ஒவ்வொரு முறையும் மாறும். வெல்லமும் சாணமும் கிடைத்தால் வேகமாகப் பெருகுகிறவை நொதிக்கும் இனங்களே. உளுந்து வேரோடு முடிச்சுப் போடும் இனமோ மெதுவாக வளர்வது, அந்தத் தொட்டியில் போட்டியிட்டு மிஞ்சாது. பாசனம் உள்ள தோட்டத்தில் தண்ணீரோடு கலந்துவிட்டுப் பயன் கண்டவர்கள் தொடரலாம். பாசனமே இல்லாத நெல் தரிசில் 200 லிட்டர் கரைசலை எதனோடு விடுவது என்ற எளிய கேள்வியே அதை இந்தப் போட்டியிலிருந்து விலக்கிவிடுகிறது.

எதை வாங்கினாலும், வயலில் ஒரு பாத்தி அளவு நிலத்துக்கு மட்டும் எதுவும் பூசாத விதையைத் தனியே எடுத்து முதலில் தெளித்துவிட்டு, அந்த இடத்தில் குச்சி நட்டு அடையாளம் வைத்துக்கொள்ளும்படி ஒவ்வொரு விவசாயியையும் கேட்டுக்கொள்வேன். விதைத்து இருபத்தைந்து முப்பது நாளில், பூ எடுக்குமுன், இரண்டு பகுதிகளிலும் சில செடிகளை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து எடுக்க வேண்டும். கையால் பிடுங்கினால் முடிச்சுகள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். வாளித் தண்ணீரில் மண்ணைக் கரையவிட்டு வேரைப் பார்க்க வேண்டும். பூசிய பகுதியில் ஆணிவேரின் மேற்பகுதியை ஒட்டிப் பெரிய முடிச்சுகள் திரண்டு, கிள்ளினால் இளஞ்சிவப்பாக இருந்து, பூசாத பகுதியில் முடிச்சுகள் சிறிதாகப் பக்கவேர்களில் சிதறிக்கிடந்தால், அடுத்த தையிலும் அதே இடத்தில் அதே பாக்கெட்டை வாங்கலாம். இரண்டிலும் ஒரேபோல் சிவந்த முடிச்சுகள் நிறைந்திருந்தால் அந்த வயலின் சொந்தப் பாக்டீரியாவே போதுமானது. ரைசோபியத்துக்கான பணத்தைச் சூடோமோனாஸுக்குத் திருப்பிவிடலாம். இரண்டிலும் முடிச்சு அரிதாக இருந்தால் முதலில் பாக்கெட்டின் தேதியையும் அது வைக்கப்பட்டிருந்த இடத்தையும் சந்தேகிக்க வேண்டும். அடுத்ததாக, நெல்லுக்குக் கடைசியாக இட்ட யூரியா மண்ணில் மிஞ்சி முடிச்சு உருவாவதைத் தடுத்ததா என்று பார்க்க வேண்டும். முடிச்சுகள் நிறைய இருந்தும் உட்புறம் வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால், வேறு பாக்கெட் வாங்குவதால் பயனில்லை. வடிகால் சரியில்லாமல் வேரோரம் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, மணிச்சத்தையும் மாலிப்டினம் என்ற நுண்ணூட்டச் சத்தையும் அறிய மண் மாதிரியை எடுத்துக்கொண்டு பரிசோதனை நிலையத்துக்குச் செல்ல வேண்டும்.